எல்.ஏ. நுவார்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த வாதம்

குழு: பெரிய வீடு

நிலவன், இரவு 8.10
எல்லோருக்கும் வணக்கம். கதிர் அண்ணன் விளையாடச் சொன்ன ‘எல்.ஏ. நுவார்’ துப்பறியும் கேமை நேற்று முடித்துவிட்டேன். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. சில வழக்குகளின் நடுவில் சாப்பிட எழுந்துபோகவும் மனம் வரவில்லை. ஆனால் நாம் விளையாடும் துப்பறிவாளர் ஒவ்வொன்றாக மாறிச்செல்லும் காவல் துறைப் பிரிவுகளில் கொலைப் பிரிவைத் தாண்டியதும், நான் செய்யும் விசாரணைக்கும் கதை போகும் போக்குக்கும் தொடர்பே இல்லை என்ற எண்ணம் வந்து, அது கடைசிவரை விலகவில்லை. அகிலா அக்கா முழுவதும் விளையாடியவர்; பெரியப்பாவும் அத்தையும் பக்கத்தில் இருந்து பாதிக்கு மேல் பார்த்தவர்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன். உங்களுக்கும் அப்படித் தோன்றியதா?

கதிர், இரவு 8.22
நிலவா, 2011இல் அது வெளிவந்தபோதே விளையாடியவன் என்ற முறையில் முதலில் அதன் பக்கம் நின்று பேசுகிறேன். அதற்கு முன்பு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் பொய் சொல்கிறாரா என்பதை அவர் முகத்தைப் பார்த்தே முடிவு செய் என்று எந்தப் பெரிய கேமும் என்னிடம் சொன்னதில்லை. சிட்னியில் இருந்த டீம் போண்டாய் நிறுவனம் 32 கேமராக்களுக்கு நடுவே நடிகரை நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தின் ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்தது. அதற்கு மோஷன்ஸ்கேன் என்று பெயர். நாம் விளையாடும் துப்பறிவாளர் கோல் ஃபெல்ப்ஸாக நடித்த ஆரன் ஸ்டேட்டன் முதல், ஒரே ஒரு காட்சியில் வந்துபோகும் கடைக்காரர் வரை எல்லோரும் நம்மைப் பார்த்துப் பேசும் மனிதர்களாகவே இருக்கிறார்கள். அதே ஆண்டு டிரைபெக்கா திரைப்பட விழா இதை அதிகாரப்பூர்வமாகத் தேர்ந்தெடுத்துத் திரையிட்டது; அந்த விழாவில் ஒரு வீடியோ கேமுக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை.

அகிலா, இரவு 8.41
முகங்களைப் பற்றிக் கதிர் அண்ணன் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முகங்களை வைத்துக்கொண்டு ஆட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். 2011இல் வந்த பதிப்பில் ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று பட்டன்கள்: உண்மை, சந்தேகம், பொய். பொய் என்றால் நாம் ஆதாரத்தைக் காட்ட வேண்டும், அது நியாயம். சந்தேகம் என்பதை அழுத்தினால் ஃபெல்ப்ஸ் என்ன செய்வார் என்பதுதான் நமக்குத் தெரியாது. ‘இவர் எதையோ மறைக்கிறார், மெதுவாகக் கேட்டுப் பார்ப்போம்’ என்று நினைத்து நான் அழுத்துவேன். அவரோ கணவனை இழந்து நிற்கும் பெண்ணிடம் மேசையைத் தட்டாத குறையாகக் கத்துவார். நான் எடுத்த முடிவு ஒன்று, என் பெயரால் அவர் செய்வது இன்னொன்று. 2017இல் வந்த மறுபதிப்பில் அதே பட்டன்களுக்கு நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம் சாட்டு என்று பெயர் மாற்றினார்கள். வசனங்கள் மாறவில்லை, பெயர்கள் மட்டுமே மாறின. ஆனாலும் நான் விளையாடியது அந்தப் பதிப்பு என்பதால் அவருடைய குரல் எப்போது உயரும் என்பதையாவது ஓரளவு ஊகிக்க முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொய் சொல்பவர்கள் எல்லோரும் கண்ணைப் பக்கவாட்டில் ஓட்டி, எச்சில் விழுங்கி, உதட்டைக் கடிக்கிறார்கள். உண்மை சொல்பவர்கள் ஆடாமல் அசையாமல் நேராகப் பார்க்கிறார்கள். நிஜத்தில் பயந்துபோன சாட்சி உண்மையைச் சொல்லும்போதும் கண்ணை ஓட்டுவார், தேர்ந்த பொய்யர் நேராகவே பார்ப்பார். அவ்வளவு நுட்பமான கேமராக்களை வைத்துப் படம் பிடித்துவிட்டு, இவ்வளவு மேலோட்டமான விதியை நமக்குக் கொடுத்ததில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

பெரியப்பா, இரவு 8.55
அகிலா சொல்வதை நாற்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்றவனாக நான் ஒப்புக்கொள்கிறேன். கூண்டில் ஏறும் சாட்சியின் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதைத்தான் என் சீனியர் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஃபெல்ப்ஸ் கத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கதை நடப்பது 1947இல், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில். காவலில் இருப்பவரிடம் ‘நீ பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் மிராண்டா தீர்ப்புக்குப் பிறகு வந்தது. அந்தக் காலத்து விசாரணை அறையில் வக்கீலும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அந்த அறைகள் எனக்கு மிக உண்மையாகவே பட்டன. பார்த்துக்கொண்டிருந்தபோது மனம் சங்கடப்பட்டதற்கும் அதுவே காரணம்.

நிலவன், இரவு 9.02
அப்படியானால் ‘தி கோல்டன் பட்டர்ஃப்ளை’ வழக்கைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், பெரியப்பா? என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான். டெய்ட்ரே மோலர் என்ற பெண் கொல்லப்படுகிறாள். ஒரு அறையில் அவளுடைய கணவன் ஹ்யூகோ, இன்னொரு அறையில் குழந்தைகளிடம் அத்துமீறியதாகப் பழைய குற்றப் பதிவு உள்ள ஈலை ரூனி. கணவன் ரத்தம் படிந்த காலணியை எரிக்கப் பார்க்கிறான்; அவனுக்கு எதிராகத்தான் ஆதாரம் கனமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கேப்டன் டானலிக்கு ரூனி உள்ளே போக வேண்டும். நான் கணவன்மீது வழக்குப் போட்டேன், திட்டு வாங்கினேன்.

பெரியப்பா, இரவு 9.09
அந்த ஒரு வழக்கு போதும், இந்த ஆட்டத்தை எழுதியவர்களுக்குக் காவல் துறை எப்படி இயங்குகிறது என்பது தெரியும் என்று நான் சொல்வதற்கு. ரூனி வெறுக்கத்தக்கவன், ஆனால் இந்தக் கொலையை அவன் செய்தானா என்பதே கேள்வி. மேலதிகாரி அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு, எவன் தெருவில் இருக்கக் கூடாது என்று பார்க்கிறார். அப்படிப்பட்ட கோப்புகளை நான் என் கையால் புரட்டியிருக்கிறேன்.

அகிலா, இரவு 9.24
பெரியப்பா, அந்த வழக்கு மட்டும் தனியாக நின்றிருந்தால் நானும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அடுத்தடுத்த வழக்குகளில் என்ன ஆகிறது என்று பாருங்கள். கொலைப் பிரிவில் ஒவ்வொரு வழக்கிலும் ஒருவரை நான் உள்ளே தள்ளுகிறேன். கூட வரும் ரஸ்டி காலவே, எப்போதும் கணவன்தான் கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் பார்த்தால் அவர்கள் யாருமே குற்றவாளிகள் இல்லை. மதுக்கூடங்களில் வேலை பார்த்துவந்த காரெட் மேசன் என்பவனே எல்லாக் கொலைகளையும் செய்தவன். அவனை நாம் சுட்டுக் கொன்ற பிறகு, செல்வாக்குள்ள அரசியல்வாதி ஒருவருக்கு அவன் உறவு என்பதால் விஷயம் வெளியே வராமல் அமுக்கப்படுகிறது. கதையாகக் கேட்டால் நல்ல திருப்பம்தான். விளையாடியவளாக எனக்கு ஏற்பட்டது வேறு. நடுவிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆதாரங்கள் எல்லாம் யாரோ கொண்டுவந்து வைத்தாற்போல் இருக்கின்றன என்று தோன்றியது. அதைச் சொல்ல ஒரு பட்டன் இல்லை. ‘இருவரையும் விட்டுவிடு, இன்னும் தேடலாம்’ என்ற வழி இல்லை. தவறான ஆளை உள்ளே அனுப்பிவிட்டு அடுத்த வழக்குக்குப் போ என்று ஆட்டமே என்னைத் தள்ளுகிறது, அனுப்பிய பிறகு நட்சத்திரமும் கொடுக்கிறது.

அந்த நட்சத்திரங்கள்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நிரபராதியைக் கைது செய்ததற்கு ஐந்தில் ஐந்து. பின்னால் அவர்கள் விடுவிக்கப்படுகிறார்கள் என்று ஒரு வரியில் தெரிகிறது; அவர்களை நேரில் பார்த்து நான் ஒரு சொல் சொல்ல ஆட்டம் இடம் தரவில்லை.

அத்தை, இரவு 9.31
அகிலா, நீ பட்டன்களைப் பற்றிப் பேசுகிறாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். இறந்துகிடக்கும் பெண்ணின் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, மோதிரம் இருந்த விரலைப் பார்க்க வைக்கிறார்கள், முகத்தைப் பிடித்துத் திருப்ப வைக்கிறார்கள். ஒரு வழக்கில் என்றால் விசாரணைக்குத் தேவை என்று பொறுத்துக்கொள்ளலாம். வரிசையாக எத்தனை பெண்கள்! அவர்களில் யாரும் எப்படி வாழ்ந்தாள், எதற்குச் சிரித்தாள் என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அந்தக் கொலைகளுக்கெல்லாம் மூலமாகக் காட்டப்படும் ‘பிளாக் டாலியா’ கொலை கற்பனை இல்லை. கொல்லப்பட்டவள் எலிசபெத் ஷார்ட் என்ற 22 வயதுப் பெண். 1947 ஜனவரி 15ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் லைமர்ட் பார்க் பகுதியில் அவள் உடல் கிடைத்தது. கொன்றவன் யார் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. உண்மையில் இறந்துபோன ஒருத்தியின் கொலைக்கு, ஆட்டத்தின் வசதிக்காக ஒரு கொலைகாரனை உண்டாக்கி, அவனையும் சுட்டுக் கணக்கை முடித்துவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

கதிர், இரவு 9.50
அத்தை சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயமான வருத்தம்.

அகிலா சொன்னதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கதையை எழுதியவர்கள் நம்மை மறந்துவிட்டார்கள் என்ற முடிவுக்கு வருமுன், போக்குவரத்துப் பிரிவின் முதல் வழக்கான ‘தி டிரைவர்ஸ் சீட்’டை நினைத்துப் பார். சரக்கு ரயில் நிற்கும் இடத்தின் அருகே ரத்தம் தோய்ந்த கார் நிற்கிறது, ஆளைக் காணவில்லை. கீழே கிடக்கும் இரும்புக் குழாயை ஃபெல்ப்ஸ் கையில் எடுக்கிறார். அதைச் சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. கன்ட்ரோலரின் குச்சியை மெதுவாகச் சுழற்றிக் குழாயைத் திருப்பிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் ‘இன்ஸ்டாஹீட்’ என்ற பெயர் கண்ணில் படும், கன்ட்ரோலர் கையில் லேசாக அதிரும். காணாமல்போனவரின் வீட்டுக்குப் போனால் அதே பெயருள்ள வாட்டர் ஹீட்டர் அங்கே இருக்கிறது. உயிருள்ள பன்றி ஒன்று வாங்கியதற்கான ரசீது கிடைக்கும்போது, காரில் உள்ள ரத்தம் யாருடையது என்று நமக்கே விளங்கிவிடும். மனைவியை விட்டு இன்னொருத்தியோடு ஓடிப்போவதற்காக, ஏட்ரியன் பிளாக் தானே இறந்ததாக நாடகமாடியிருக்கிறார். அந்த வழக்கில் யாரும் நம் கையைப் பிடித்து அழைத்துப்போகவில்லை.

அதே இன்ஸ்டாஹீட் என்ற பெயர், மணிக்கணக்காக விளையாடித் தீவைப்புப் பிரிவுக்கு வந்த பிறகு, எரிந்துபோன வீடுகளுக்குள் மறுபடி வருகிறது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கென்று மட்டமான மரத்தில் வீடு கட்டி, அரசாங்கம் நெடுஞ்சாலைக்கு அந்த நிலத்தை எடுக்கும்போது கூடுதல் இழப்பீடு வாங்கத் திட்டமிட்ட கூட்டம், விற்க மறுத்தவர்களின் வீடுகளை எரிக்கிறது. எரிக்கும் ஐரா ஹோகபூம் யார்? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஒகினாவா தீவில் குகைக்குள் இருந்த பொதுமக்கள்மீது, ஃபெல்ப்ஸின் கட்டளைப்படி தீயைப் பாய்ச்சியவன், அதிலிருந்து மனம் பிறழ்ந்தவன். வெள்ளி நட்சத்திரப் பதக்கத்தோடு ஊர் திரும்பிய நாயகன், தான் துரத்தும் குற்றத்துக்குத் தானே ஒரு காரணம் என்று அறிகிறான். இவ்வளவு கனமான கதையை அந்தக் காலத்தில் வேறெந்தக் கேமிலும் நான் பார்க்கவில்லை, அகிலா.

அகிலா, இரவு 10.08
கதை கனமானது என்பதில் உங்களோடு நிற்கிறேன், அண்ணா. அதைச் சொல்லும் விதத்தில்தான் எனக்குக் குறை. இன்ஸ்டாஹீட் குழாயை நீங்களே திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள். அதனால்தான் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் உங்களுக்கு அது நினைவிருக்கிறது. மார்ஃபின் மருந்துத் திருட்டு, மனநல மருத்துவர் ஃபான்டெய்ன், வீடு கட்டிய அந்தக் கூட்டத்தின் நிதி ஆகிய எல்லாவற்றையும், ஆங்காங்கே கிடக்கும் செய்தித்தாள்களை எடுத்தால் ஓடும் காட்சிகளாக வைத்துவிட்டார்கள். ஃபெல்ப்ஸுக்குத் தெரியாதது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் அவர் தெரியாதவராகவே நடக்க வேண்டியிருக்கிறது. எல்சா என்ற பாடகியோடு ஃபெல்ப்ஸுக்கு ஏற்படும் உறவும் அப்படியே. அவருடைய மனைவி மேரியை நாம் பார்த்ததே ஏதோ ஓரிரு கணங்கள். ஒரு நாள் இரவு ஃபெல்ப்ஸாக அந்தப் பாடகியை அவள் வீட்டு வாசல்வரை பின்தொடர்ந்து போகும் வேலையை நம்மிடம் கொடுத்து, கதவு திறந்ததும் நம்மை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். அதுவரை ஃபெல்ப்ஸின் தலைக்குள் இருந்ததாக நினைத்தவள் நான். கூட வேலை பார்த்த ராய் எர்ல் அந்த உறவை வைத்து அவரைக் காட்டிக் கொடுத்தபோது எனக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில், இவரை எனக்குத் தெரியவே தெரியாதே என்ற எண்ணம்தான் வந்தது. அதற்குப் பிறகு அவரையும் விட்டுவிட்டு, போரில் அவரோடு இருந்த ஜாக் கெல்சோவாக விளையாடு என்கிறார்கள்.

நிலவன், இரவு 10.15
நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் போனது இதுதான், அக்கா. கடைசியில் மழைநீர்ச் சுரங்கத்தில் வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போனபோது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் அதுவரை நான் நன்றாக விசாரித்திருந்தாலும் மோசமாக விசாரித்திருந்தாலும் அவர் அதே இடத்தில்தான் இறந்திருப்பார்.

கதிர், இரவு 10.21
அது அந்தக் கதையின் இயல்பு என்று நான் நினைக்கிறேன். அவர் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று புகழுரை ஆற்றுவது அவரைக் காட்டிக் கொடுத்த அதே ராய் எர்ல். நாம் எவ்வளவு நன்றாக விளையாடினாலும் அந்த நகரம் திருந்தப்போவதில்லை.

அகிலா, இரவு 10.30
நகரம் திருந்த வேண்டாம், அண்ணா. நான் கேட்பது அதுவன்று. தோற்கட்டும், ஆனால் என் தவறால் தோற்கட்டும், அல்லது நான் சரியாகக் கண்டுபிடித்தும் மேலிடம் அமுக்கியதால் தோற்கட்டும். மோலர் வழக்கில் கேப்டனை எதிர்த்து நிலவன் எடுத்த முடிவுக்குக் கதையில் பின்னால் ஒரு தடயமாவது இருந்திருந்தால், இதே முடிவை நானும் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டிருப்பேன்.

கதிர், இரவு 10.38
அது நியாயம். உருவாக்கியவர்களின் நிலைமையையும் சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். ராபர்ட் ஸ்பென்ஸ் விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்களை வைத்துத் தெருத் தெருவாக ஒரு நகரத்தையே எழுப்பியவர்கள் அவர்கள். அந்தத் தெருக்களில் செய்ய வேலை அதிகம் இல்லை என்பது வேறு. நானே பாதி நேரம் கூட இருப்பவரிடம் காரை ஓட்டச் சொல்லிவிடுவேன். வேலை நேரம் பற்றிக் கசப்பான புகார்கள் வந்தன. உழைத்தவர்களில் நூறுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் நன்றிப் பட்டியலில் சரியாக இடம்பெறவில்லை என்று அவர்களே வெளியே சொன்னார்கள். ஆட்டம் வெளிவந்த அதே ஆண்டில் நிறுவனமும் மூடப்பட்டது. நீ கேட்கும் அந்தக் கிளைக் கதைகளை இன்னொரு ஆட்டத்தில் எழுதிப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

பெரியப்பா, இரவு 10.44
பெயரை விட்டது பெரிய அநியாயம். உழைத்தவன் பெயரை முதலில் போட வேண்டும்.

நிலவன், இரவு 10.47
மறுபடி முதலிலிருந்து விளையாடிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். வேறு மாதிரி விளையாட ஏதாவது வழி உண்டா, அண்ணா?

கதிர், இரவு 10.52
உண்டு. தடயத்தின் அருகே போனால் ஒலிக்கும் இசையையும், கன்ட்ரோலரின் அதிர்வையும் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். அப்போது ஒரு அறையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோமா என்பதை நீயே முடிவு செய்ய வேண்டிவரும். சந்தேகம் இருந்தால் முதலில் குற்றம் சாட்டு என்பதை அழுத்து. எதிரில் இருப்பவர் எதற்கு ஆதாரம் கேட்கிறார் என்று கேட்டுக்கொண்டு, கையில் ஆதாரம் இல்லையென்றால் பின்வாங்கிவிடு, ஆட்டம் அதை அனுமதிக்கிறது. விசாரணைப் பகுதிகளில் பாதி எரிச்சல் அதிலேயே குறைந்துவிடும்.

பெரியப்பா, இரவு 10.55
சனிக்கிழமை மாலை தொடங்கினால் நானும் வந்து உட்காருகிறேன். மோலர் வழக்கு வரும்போது ரூனிமீது போட்டுப் பார், நிலவா. கேப்டன் என்ன சொல்கிறார் என்று எனக்குக் கேட்க வேண்டும்.

நிலவன், இரவு 10.57
சரி, பெரியப்பா. இசையையும் அதிர்வையும் இப்போதே அணைத்து வைத்துவிடுகிறேன்.