மரத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்

தேவகி: எல்லோரும் ஒருமுறை பாருங்கள். பின்வளவு மேப்பிளில் வட்ட வட்டமாகத் துளைகள் இருக்கின்றன, அது வண்டு நோய் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிவிட்டுப் போகிறாள். ரொறன்ரோ மாநகரசபைக்குத் தெரிந்தால் தெருவில் உள்ள மரங்கள் எல்லாவற்றையும் தறித்துவிடுவார்களாம். அப்பாவின் ஆண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்கு இரண்டு கிழமைதான் இருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ரஞ்சன்: தறிப்போம்.

ரஞ்சன்: ஆள் இருக்கிறது. சனிக்கிழமை வரச் சொல்லவா?

யாழினி: சித்தப்பா, பொறுங்கள். அவை அப்பப்பா சாறு எடுக்கக் குழாய் வைத்த துளைகள்தானே?

தேவகி: அதைத்தான் நானும் சொன்னேன். அவள் கைப்பேசியில் வண்டுப் படத்தைக் காட்டுகிறாள்.

குகன்: தேவகி, பயப்படாதே. அந்தப் பெண்ணின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த நீள்கொம்பு வண்டு 2003ஆம் ஆண்டு ரொறன்ரோவுக்கும் பக்கத்து நகரமான வோனுக்கும் இடையில் பிடிபட்டது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி அரைத்தார்கள். 2013இல் மிசிசாகாவில் திரும்பவும் கண்டார்கள். 2020 ஜூனில்தான் முற்றாக ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அந்த வண்டு வெளியேறும் துளையும் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர், சுத்தமான வட்டம். ஆனால் துளைகள் அங்கும் இங்குமாக இருக்கும், பெரும்பாலும் மேல்தண்டிலும் கிளைகளிலும் இருக்கும், அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கும். யாழினி, நீ போய்ப் பார். துளைகள் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடையில்தானா? மரத்தூள் ஏதாவது கிடக்கிறதா?

யாழினி: நெஞ்சு உயரம். தூள் இல்லை.

யாழினி: ஐந்து துளைகள். மூன்று மூடிவிட்டன. இரண்டு திறந்திருக்கின்றன, உள்ளே கறுப்பாக இருக்கிறது.

பிரவீன்: அப்பாடா, வண்டு இல்லை.

சுபா: லண்டனில் ஒருத்தி இருக்கிறேன் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஆட்டைக்கு டிக்கெட் எடுப்பதா இல்லையா?

தேவகி: வா. அம்மா உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா. அவவுக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. படையலுக்கு வைக்கும் பாயசத்தில் அந்த மரத்துச் சாற்றைக் காய்ச்சிய பாணிதான் சேர வேண்டுமாம். அப்பா மார்ச்சில் வாளி கட்டாமல் இருந்ததில்லை என்கிறா.

பிரவீன்: ட்ரில் என்னிடம் இருக்கிறது மாமா. நாளைக்கே போடலாம். சாறு ஓடும் வானிலைதான்: இரவில் உறைகிறது, பகலில் 5 பாகை.

குகன்: போடாதே மகனே. மூன்று வருடத்துக்கு முந்திய துளையும் இன்னும் திறந்திருக்கிறது என்றால் அந்த மரத்துக்கு வலு இல்லை.

ரஞ்சன்: அதனால்தான் தறிக்கச் சொன்னேன்.

குகன்: ரஞ்சன், முழுவதையும் வாசி. நமது உடம்பில் காயம் பட்டால் அதே இடத்துச் சதை புதிதாக வளர்கிறது. மரத்துக்கு அது முடியாது. அமெரிக்க வனத்துறையில் வேலை செய்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து இதைச் சொன்னார். துளைத்த இடத்தைச் சுற்றி மரம் உள்ளுக்குள் சுவர் எழுப்புகிறது. அழுகல் அந்தச் சுவரைத் தாண்டிப் பரவாமல் தடுக்கத்தான் பார்க்கிறது. துளைக்கு மேலும் கீழும் பல அங்குலத்துக்கு மரம் பழுப்பாகிவிடும். அந்தப் பகுதியில் இனி ஒருபோதும் சாறு ஏறாது. வெளியே பட்டைக்கு அடியில் வருடா வருடம் புதிய மரம் வளர்ந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் உதடுபோல் வந்து துளையை மூடுகிறது. உள்ளே காயம் அப்படியே இருக்கும், மரம் சாகும்வரை. ஆகவே துளை எவ்வளவு வேகமாக மூடுகிறது என்பதுதான் மரத்தின் உடல்நிலை. நல்ல வளர்ச்சி உள்ள மேப்பிள் 8 மில்லிமீற்றர் துளையை ஒன்றிரண்டு வருடத்தில் மூடிவிடும்.

சுபா: அண்ணா பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கலாம்.

தேவகி: மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அந்தத் துளையில் அடைத்துவிடவா?

குகன்: வேண்டாம். சீமெந்து, தார், மரக்கட்டை ஒன்றும் வேண்டாம். பருவம் முடிந்ததும் குழாயைக் கழற்றிவிட்டு அப்படியே விட வேண்டும். முன்பு துளை அடைபடாமல் இருக்கப் பாராபோர்மல்டிஹைட் என்ற கிருமிகொல்லிக் குளிசை வைத்தார்கள். சாறு கூட வந்தது, உள்ளே உளுத்தலும் கூடியது. இப்போது அதற்குத் தடை.

யாழினி: சுற்றளவு 151 சென்ரிமீற்றர். விட்டம் 48 வருகிறது.

குகன்: நல்ல பிள்ளை. 45க்கு மேல் இருந்தால் இரண்டு குழாய் வைக்கலாம் என்பது கணக்கு. அது ஆரோக்கியமான மரத்துக்கு. ரஞ்சன், ரொறன்ரோவில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை நமது வளவுக்குள்ளேயே தறிப்பதற்கும் மாநகரசபை அனுமதி வேண்டும். உன் ஆளிடம் அதைக் கேள்.

ரஞ்சன்: கேட்கிறேன்.

பிரவீன்: போன வருடம் நான் துளைத்தபோது தூள் பழுப்பாக வந்தது மாமா. சாறும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

குகன்: எங்கே போட்டாய்?

பிரவீன்: பழைய துளைக்கு நேர் மேலே, ஒரு சாண் தள்ளி.

குகன்: அது செத்த மரம். நல்ல மரத்தில் தூள் வெள்ளையாக வரும். பழைய துளைக்கு நேர் மேலேயும் கீழேயும் விட்டுவிட்டு, பக்கவாட்டில் குறைந்தது 15 சென்ரிமீற்றர் விலக வேண்டும். ஊரில் பனைக்குப் பாளையைத்தான் சீவுகிறோம், அது எப்படியும் உதிர்ந்துவிடும். இங்கே தண்டையே துளைக்கிறோம். அப்பா இதை அறிந்துதான் வருடத்துக்கு ஒரு குழாய்க்கு மேல் வைத்ததில்லை.

தேவகி: கடைசியாக எடுத்த இரண்டு போத்தல் பாணியும் யார் வீட்டுக்குப் போயின என்று எனக்கு இன்னும் தெரியாது.

ரஞ்சன்: திரும்பவும் அந்தக் கதையா?

சுபா: என்னிடம் இல்லை. சத்தியமாக.

குகன்: பாணியை விடுங்கள். மரம் ஏன் இளைத்தது என்று பாருங்கள். கோடையில் உச்சிக் கிளைகள் இலை இல்லாமல் நின்றன. செப்டெம்பர் தொடக்கத்திலேயே ஒரு பக்கம் சிவந்துவிட்டது. அந்தப் பக்கம்தான் ரஞ்சன் கல் பதித்து வாகனம் விடுகிற பக்கம். வேருக்கு மேலே பாரம், பனிக்காலம் முழுக்க உப்பு. சீனி மேப்பிள் உப்பைத் தாங்காது.

ரஞ்சன்: அம்மா வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது?

குகன்: நீ சொல்வதும் சரிதான். மணல் போடு.

ரஞ்சன்: நான்கு பை உப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

யாழினி: முன்வாசலுக்கு மட்டும் போடலாம் சித்தப்பா. பின்பக்கம் நான் மணல் கொட்டுகிறேன்.

தேவகி: அம்மாவிடம் என்ன சொல்வது?

குகன்: நான் கதைக்கிறேன். 40 லீற்றர் சாறு காய்ச்சினால்தான் 1 லீற்றர் பாணி. மரம் தனக்கு இலை விடுவதற்குச் சேர்த்து வைத்த இனிப்பு அது. இந்த வருடம் அதற்கே இருக்கட்டும். சந்தையில் ஒரு டின் வாங்குவோம்.

தேவகி: ஒரே ஒரு குழாய், படையலுக்கு மட்டும் என்று கேட்பா.

குகன்: ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன். அதுவரை யாரும் மரத்தில் கை வைக்க வேண்டாம். பிரவீன், உனக்கும்தான்.

பிரவீன்: சரி மாமா.

ரஞ்சன்: அனுமதிக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று விசாரிக்கிறேன். விசாரிப்பது மட்டும்தான்.

சுபா: வெள்ளி இரவு விமானம். பியர்சன் விமான நிலையத்துக்கு யார் வருகிறீர்கள்?

தேவகி: பெரிய குத்துவிளக்கு யார் வீட்டில் இருக்கிறது?