சுண்ணாம்பு போட்டும் பி.எச். ஏறவில்லை, அவசரம்

புதுமேழி:
மண் பி.எச். (அமில அளவு, 7க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடுதல்) 4.9 இருந்தது. சுண்ணாம்பு போட்டாயிற்று, பயோசாரும் (மண்ணில் இடும் கரி) போட்டாயிற்று. மறுபடி பார்த்தால் 5.0. பயறு மஞ்சளடித்து நிற்கிறது. அடுத்த விதைப்பு நெருங்குகிறது. இன்னும் எவ்வளவு போட வேண்டும்? உடனே சொல்லுங்கள்.

வரப்போரம்:
எந்தச் சுண்ணாம்பு? கல் தூளா, நீற்றியதா, மெக்னீசியம் கலந்த டோலமைட்டா? போட்டு எத்தனை நாள் ஆயிற்று? உழுது கலந்தீர்களா, மேலே தூவி விட்டீர்களா?

களிமண்காரன்:
மண் மணற்பாங்கா, களியா? 4.9 என்ற எண்ணை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது. அதே 4.9 உள்ள களிமண் மணலைவிட இரண்டு மூன்று மடங்கு சுண்ணாம்பு கேட்கும். பரிசோதனை அறிக்கையில் 'சுண்ணாம்புத் தேவை' என்று ஒரு வரி இருந்தால் அதைப் போடுங்கள்.

கரிப்பிரியன்:
சுண்ணாம்பை விடுங்கள், பயோசாரைக் கூட்டுங்கள். அமேசானில் பழங்குடிகள் கரி சேர்த்து உண்டாக்கிய கறுப்பு மண் இன்றும் வளமாக இருக்கிறது.

மூத்தஉழவன்:
பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் தேவலை. இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. சுண்ணாம்புக்கல் என்ன சர்க்கரையா, தண்ணீர் பட்டதும் கரைய? 60 மெஷ் (அங்குலத்துக்கு 60 கண்) சல்லடையில் இறங்கும் தூளே முழுதாக வேலை செய்ய ஒரு வருடம் வரை ஆகும். குருணை என்றால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இன்னொன்று, பி.எச். 5 என்பது 6 ஆக வேண்டுமென்றால் அமிலம் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வயலில் இறங்க வேண்டும்.

புதுமேழி:
கல் தூள். ஒன்றரை மாதம் இருக்கும். தூவிவிட்டு லேசாகக் கொத்தினோம். பயோசார் மரக்கரி. யூரியா வழக்கம்போல.

வரப்போரம்:
சரி, இப்போது விளங்குகிறது. மிச்சத் தூளை விரலிடையில் தேய்த்துப் பாருங்கள், நெருடினால் அது இப்போதைக்கு உதவாது. மேலாகக் கொத்தியது வேர் மண்டலத்துக்குப் போய்ச் சேராது, உழுது கலக்க வேண்டும். யூரியாவைச் சுண்ணாம்போடு சேர்த்துப் போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். யூரியாவே நாளடைவில் மண்ணை அமிலமாக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வேர்முடிச்சு:
எண்ணை விட்டுவிட்டு வேரைப் பாருங்கள். செடியைப் பிடுங்காதீர்கள், தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர் இருக்கிற வேர்முடிச்சு உதிர்ந்துவிடும். மண்ணோடு தோண்டி எடுத்து நீரில் அலசுங்கள். நுனி தடித்து, பழுப்பாகி, சல்லிவேர் இல்லாமல் இருந்தால் அலுமினிய நச்சாக (அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைக் கெடுப்பது) இருக்கலாம். அப்புறம் முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அது தழைச்சத்தைப் பிடிக்கவில்லை.

கரிப்பிரியன்:
அந்த அலுமினியத்தைப் பயோசாரும் பிடித்து வைக்கும்.

மூத்தஉழவன்:
எந்தப் பயோசார்? பி.எச். ஏற்றுவதில் பெரும்பங்கு அதிலுள்ள சாம்பலுக்கு. மரக்கரியில் சாம்பல் சொற்பம். கோழி எருக் கரி என்றால் வேறு கதை. சுண்ணாம்புக்கு மாற்று என்று பரப்பாதீர்கள்.

கரிப்பிரியன்:
மாற்று என்று எங்கே சொன்னேன்?

மூத்தஉழவன்:
"சுண்ணாம்பை விடுங்கள்." மேலே ஏறிப் பாருங்கள்.

களிமண்காரன்:
சண்டை போதும். கரியை எருவில் ஊறவைக்காமல் அப்படியே போட்டால் முதலில் அதுவே தழைச்சத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மஞ்சளுக்கு அதுவும் சேர்ந்திருக்கலாம். ஊறவைத்தாரா என்று யாருமே கேட்கவில்லை.

சும்மாஒருவன்:
ஜிப்சம் போட்டால்?

வரப்போரம்:
அது பி.எச். ஏற்றாது. அடிமண்ணுக்குக் கால்சியம் இறங்கும், அலுமினியத்தின் கடுமை குறையும், அவ்வளவுதான்.

புதுமேழி:
தோண்டிப் பார்த்தேன். நுனி பழுப்பு, தடிப்பு. முடிச்சு ஒன்றிரண்டு, உள்ளே வெளுப்பு. தூள் நெருடுகிறது. கரி ஊறவைக்கவில்லை. மண் மறுபடி பரிசோதனைக்குப் போயிருக்கிறது. நன்றி.

களிமண்காரன்:
தண்ணீரில் பார்த்த பி.எச்.சா, கால்சியம் குளோரைடு கரைசலிலா என்று கேளுங்கள். தண்ணீரில் சுமார் அரை அலகு கூடவே காட்டும். இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

கரிப்பிரியன்:
கோழி எருக் கரிக்குத் தனி இழை தொடங்குகிறேன். மூத்தஉழவன் தயவுசெய்து அங்கே வர வேண்டாம்.