மறு: ஸ்டெல்த் ஃபிரிகேட் – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

வியாழக்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது, அதில் 'ஸ்டெல்த் ஃபிரிகேட்' என்பதற்கு என்ன தமிழ்ச்சொல் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை, அதனால் மறுபடியும் எழுதுகிறேன். 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் நீலகிரி, சூரத், வாக்‌ஷீர் மூன்றும் ஒரே நாளில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தன. வாக்‌ஷீர் நீர்மூழ்கி, அதில் சிக்கலில்லை. மற்ற இரண்டில் நீலகிரி ஸ்டெல்த் (ரேடாரில் எளிதில் சிக்காத) ஃபிரிகேட், சூரத் டெஸ்ட்ராயர். இரண்டையும் 'போர்க்கப்பல்' என்று எழுதினால், அப்புறம் ஏன் இரண்டு வகை என்று வகுப்பில் கேட்கிறார்கள்.

'பிரிகேட்' என்றே எழுதலாம் என்ற நண்பருக்கு: அது தரைப்படைப் பிரிவின் பெயராகிவிடும். ஃ போட்டு 'ஃபிரிகேட்' என்று எழுதினால் நம் குழுவின் மதுரை ஐயா விடமாட்டார். அவர் சொல்லும் 'வங்கம்' கப்பலைக் குறிக்கும் அழகான பழஞ்சொல்தான், 'உலகு கிளர்ந்தன்ன உருகெழு வங்கம்' என்று அகநானூறு சொல்லும்போது அதன் பருமன் கண்முன் வருகிறது. ஆனால் நீலகிரி வரிசையின் ஏழு கப்பல்களில் மூன்று கொல்கத்தாவில் கட்டியவை, 'வங்கம்' என்றால் பிள்ளைகள் ஊர்ப்பெயர் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

டெஸ்ட்ராயருக்குச் சொல்லும் 'நாசகாரி' வடசொல் என்பது எனக்குப் பொருட்டில்லை, பொருளே பிசகு. டெஸ்ட்ராயரின் பழைய முழுப்பெயர் டார்பிடோ படகு அழிப்பான். பெரிய கப்பல்களை நெருங்கும் சிறு படகுகளை விரட்டப் பிறந்தது அது, அடிப்படையில் காவல் வேலை. ஃபிரிகேட்டுக்கோ இத்தாலிய மூலத்துக்கு அப்பால் வேர் தெரியவில்லை, மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம்: மற்றக் கப்பல்களோடு போய் நீர்மூழ்கியிடமிருந்தும் விமானத்திடமிருந்தும் காப்பதால் 'வழித்துணைக்கலம்'. 'காவற்கலம்' கடலோரக் காவல்படையோடு குழம்பும்.

ஸ்டெல்த்துக்கு 'மாய' வேண்டவே வேண்டாம். ஆறாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல் மாயமாகாது, சாய்ந்த பக்கங்கள் ரேடார் அலையை வேறு திசைக்குத் திருப்புவதால் சிறியதாகத் தெரியும், அவ்வளவுதான். நான் 'கரவு' என்கிறேன், மறைவு என்ற பொருளில். 'நாகம் கரந்துறையும்' என்று மூதுரையில் வருகிறதே. அதே பாட்டின் மூன்றாம் அடியில் 'கரவுடையார்' வஞ்சகராக வருவது உங்கள் பக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அதற்காக 'கரந்துறைகலம்' என்றால், வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது என்று அடுத்த வாரம் முழுக்க விளக்க வேண்டிவரும்.

இதுவரை நான்கு பேர் 'கரவு வழித்துணைக்கலம்' பக்கம், ஐயா எதிர்ப்பு. அட்டவணையில் இடம் போதாதுதான். முதல் இடத்தில் மட்டும் ஸ்டெல்த் ஃபிரிகேட் என்றும் சேர்த்து எழுதுகிறேன். இதைவிடக் குறுகிய சொல் இருந்தால் புதன் இரவுக்குள் அனுப்புங்கள்.