அப்டேட்: ஓடுது ஆனா மருந்து போகல – டோசிங் பம்ப் கதை

போன மாசம் கேட்டிருந்தேன்ல, ஹைப்போகுளோரைட் (கிருமி கொல்ற குளோரின் மருந்து) அளந்து செலுத்துற டோசிங் பம்ப் டக் டக்னு அடிக்குது ஆனா மருந்து போக மாட்டேங்குது, வேற பம்ப் வாங்கிடலாமான்னு. காரணம் கிடைச்சிடுச்சு, பம்ப் மேல தப்பே இல்ல. ஹைப்போ சும்மா இருந்தாலே சிதைஞ்சு ஆக்சிஜன் குமிழி விடும், டேங்க் சூடானா இன்னும் ஜாஸ்தி, அந்த கேஸ் ஹெட்ல (மருந்தை உறிஞ்சித் தள்ளுற பம்ப் அறை) மாட்டிக்கிட்டா, உள்ள முன்ன பின்ன அசையுற டயாஃப்ராம் சவ்வு எவ்வளவு அடிச்சாலும் காத்தைத்தான் அமுக்கிட்டு கெடக்கும்.

எங்களுது டேங்குக்கு மேல உக்காந்து உறிஞ்சிட்டு இருந்துச்சு (வச்சது நான்தான், திட்டாதீங்க). அதைக் கீழ இறக்கி, மருந்து லெவல் எப்பவும் ஹெட்டுக்கு மேல நிக்கிற மாதிரி பண்ணி, காத்தை வெளிய விடுற டீகேஸிங் ஹெட்டும் போட்டோம். 11 நாளாச்சு, ஒருதடவைகூட நிக்கல.

பெரிஸ்டால்டிக் பம்ப் (உருளையால ட்யூபை அமுக்கி மருந்தைத் தள்ளுறது) வாங்கச் சொன்னவங்களுக்கு, அதுல கேஸ் பிரச்சனை இல்லதான், ஆனா ட்யூப் தேய்ஞ்சு மாத்திட்டே இருக்கணும், எங்க லைன் பிரஷரும் அதுக்கு அதிகம். எஸ்எஸ் 316 (ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஹெட் போடச் சொன்ன சார், வேணாம், ஹைப்போ அதை அரிச்சிடும். பிவிசி ஹெட், பிடிஎஃப்இ (டெஃப்லான்) டயாஃப்ராம் போதும்.

அப்புறம் கேட்லாக்ல போட்டிருக்கற ஃப்ளோவ அப்படியே நம்பாதீங்க, காலிப்ரேஷன் காலம்னு (column) சொல்ற அளவு கோடு போட்ட குழாய் வச்சு ஓடுற பிரஷர்லயே அளந்து பாருங்க, நாங்க அளந்தப்போ 12 சதவீதம் கம்மியா வந்துச்சு.