லோக்கேல் இல்லாட்டி டெஸ்டை ஸ்கிப் பண்ணுறதா, ஃபெயில் ஆக்குறதா?

வாவிக்கரை:
ஊர்ப்பெயர்களை அகரவரிசைப்படுத்துற ஷெல் ஸ்கிரிப்ட் ஒண்டு. டெஸ்டுக்கு டிஏ_எல்கே லோக்கேல் (இலங்கைத் தமிழுக்கான மொழி, வரிசை அமைப்பு) தேவை. அது இல்லாத மெஷின்ல எக்ஸிட் 77 (புரோகிராம் முடியேக்க திருப்பித் தாற எண்) குடுத்து ஸ்கிப் ஆக்கினாச் சரிதானே? ஆட்டோமேக், மீசான் எண்ட பில்ட் கருவிகள் ரெண்டும் 77ஐ ஸ்கிப் எண்டுதான் எடுக்கும்.

சம்மாந்துறையான்:
சிஐல (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்டைத் தானா ஓட்டுற சேர்வர்) இது பிழை தம்பி. வெறும் டெபியன் லினக்ஸ் கன்டெய்னர்ல தமிழ் லோக்கேலே இருக்காது. அந்த டெஸ்ட் அங்க ஒருநாளும் ஓடாது, ரிப்போர்ட் மட்டும் பச்சையா நிக்கும். லோக்கேல் இல்லாட்டி வரிசைப்படுத்துற சோர்ட் கமாண்ட் முறையிடவும் மாட்டாது, பேசாம பைட் வரிசைக்கு (எழுத்துகளின் யூனிகோட் எண் வரிசை) போயிரும். பழுகாமம், பனிச்சங்கேணி ரெண்டையும் குடுத்துப் பாருங்க. தமிழ் வரிசைல ழ முந்தி, ன கடைசி. யூனிகோட் எண்படி ன, பகரத்துக்கும் முன்னுக்கு வந்துரும். பனிச்சங்கேணி மேல ஏறிரும். இதப் பிடிக்கத்தானே டெஸ்ட் எழுதினது? ஃபெயில் ஆக்குங்க.

தேத்தாத்தீவு:
அண்ணன், ஆல்பைன் லினக்ஸ்ல என்ன செய்றது? அங்க இருக்கிற மசில் எண்ட சி லைப்ரரி மொழிவாரி வரிசையே செய்யாது, லோக்கேலை இன்ஸ்டால் பண்ணியும் பலனில்ல. தீர்க்க ஏலாத ஒண்டுக்குச் சிவப்புக் காட்டினா, ஆக்கள் சிவப்பையே பார்க்காம விட்டுருவாங்க. ஸ்கிப்தான் நேர்மை, காரணத்தை ஒரு வரில எழுதினாப் போதும்.

சம்மாந்துறையான்:
பச்சையா முடிஞ்ச லாக்ல அந்த வரியை ஆர் வாசிக்கிற? கிட் (கோட் மாற்றங்களைப் பதியிற கருவி) டெஸ்ட் தொகுப்பைப் பாருங்க: கிட்_டெஸ்ட்_ஹெச்டிடிபிடி எண்ட வேரியபிள் ட்ரூ எண்டா, வெப் சேர்வர் கிடைக்காட்டி எரர். ஒண்டும் குடுக்காட்டி ஸ்கிப். அதேபோல ஒரு வேரியபிள் வைங்க: ட்ரூ எண்டா எரர், ஆட்டோ எண்டா ஸ்கிப். சிஐல ட்ரூ போட்டு, டெபியன் இமேஜ்ல லோக்கேல்ஸ் பேக்கேஜை ஏத்தி, லோக்கேல்.ஜென் ஃபைல்ல டிஏ_எல்கே வரிக்கு முன்னால உள்ள ஹாஷை எடுத்து, லோக்கேல்-ஜென் ஓட்டுங்க.

வாவிக்கரை:
லோக்கேல் இருந்தும் சில நேரம் ஸ்கிப் ஆகுதே? லோக்கேல் -ஏ (உள்ள லோக்கேல்களைப் பட்டியலிடும்) வெளியீட்டைப் பைப்ல கிரெப் -க்யூவுக்கு (பேசாமத் தேடும்) குடுத்துப் பார்க்கிறன். மேல பைப்ஃபெயில் (பைப்ல எது தோத்தாலும் முழுதும் தோல்வி) போட்டிருக்கு.

தேத்தாத்தீவு:
அதுதான் காரணம். கிரெப் -க்யூ பொருத்தம் கண்ட உடனே வெளியேறும். லோக்கேல் அதுக்குப் பிறகும் எழுதினா சிக்பைப்ல (வாங்க ஆளில்லாத பைப்ல எழுதினா வாற சிக்னல்) சாகும், எக்ஸிட் 141 வரும். பைப்ஃபெயில் அந்த 141ஐத்தான் எடுக்கும், "இல்ல" எண்டு முடிவாகும். வெளியீட்டை முதல்ல வேரியபிள்ல வாங்கி, கேஸ் ஸ்டேட்மென்ட் போட்டுப் பாருங்க.

சம்மாந்துறையான்:
அதை விட, சோர்ட்டுக்கு அந்த ரெண்டு ஊரையும் குடுத்து முதல் வரி பழுகாமமா எண்டு பார்க்கலாம். ஆனா உங்கட ஸ்கிரிப்டால சோதிச்சுப் போடாதீங்க. ஸ்கிரிப்ட் உடைஞ்சா அதுவும் ஸ்கிப் ஆகிரும். வெறும் சோர்ட் கமாண்டுதான் சோதனைக்கு.

தேத்தாத்தீவு:
இதை முழுசா ஏத்துக்கிறன். இன்னொண்டு: பைப்பால வாற வொய்ல் ரீட் லூப்புக்குள்ள எக்ஸிட் 77 போட்டா சப்ஷெல் (லூப்பை ஓட்டுற தனி ஷெல்) மட்டும்தான் வெளியேறும். கீழ உள்ள வரிகள் ஓடி, கடைசில 0 வரலாம். பைப்ஃபெயில் இல்லாம டெஸ்டை டீ கமாண்டுக்கு (வெளியீட்டை ஃபைல்லயும் எழுதும்) பைப் பண்ணினாலும் 77 தொலையும், கிடைக்கிறது டீயோட 0. தேவைச் சோதனை எல்லாம் ஃபைலோட தலைலயே இருக்கட்டும். டெம்ப் டைரக்டரி உருவாகாட்டி ஸ்கிப் வேணாம், 99 குடுங்க. ஆட்டோமேக் அதை எரர் எண்டு எடுக்கும்.

ஆனா வேரியபிளுக்கு ஒண்டும் குடுக்காட்டி ஆட்டோதான் இருக்கணும்.

சம்மாந்துறையான்:
அதுலதான் நான் ஒத்துவரல்ல. ட்ரூ தான் இருக்கணும். ஆல்பைன் வச்சிருக்கிற ஆள் ஒரு வரி எழுதி ஆட்டோவுக்கு மாத்தட்டும்.