தண்டையார்பேட்டை பழைய வீடு: மராமத்துச் செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு பழைய வீட்டை வாங்கி, சரிசெய்து விற்கலாம் என்று நானும் மச்சானும் இறங்கியிருக்கிறோம். 620 சதுர அடி. முன்கூடம் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல், சுண்ணாம்பு வைத்துக் கட்டும் பழைய காலத்துக் கூரை), பின்னால் இரண்டு அறைகள் கான்கிரீட்.

கடற்காற்று வேலையைக் காட்டிவிட்டது. சமையலறைக் கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. விரலால் சுரண்டினால் துரு செதில் செதிலாக வருகிறது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம்.

ஒரு மேஸ்திரி சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல், "எல்லாம் சேர்த்து 7 லட்சம் சார்" என்றார். இன்னொருவர் 11 என்கிறார். எதற்கு எவ்வளவு என்று கேட்டால் இருவரிடமும் பதில் இல்லை. போன வீட்டில் இப்படித்தான் மொத்தமாகப் பேசி, பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்து, டைல்ஸ் ஒட்டுவதற்குள் ஆளைக் காணோம். புத்தி வந்தது, பணம் வரவில்லை.

கம்பியைச் சுத்தம் செய்து பூசினால் போதுமா, தளத்தையே இடித்துப் போட வேண்டுமா என்று நேரில் பார்த்துச் சொல்லும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தெரியுமா? லேபர் மட்டும் பேசி, சிமெண்ட், மணல் நாங்களே வாங்கினால் மிச்சமா, தலைவலியா? வேலை முடிய முடியப் பணம் என்று எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கும் மேஸ்திரி இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், முன்கூடத்துத் தேக்கு உத்திரம் இன்னும் திடமாக இருக்கிறது. அதை இடிக்கச் சொல்பவர் வேண்டாம்.