மோர்கம்ப் – வைஸ், டூ ரானீஸ், பீட் – டட்: ஒப்பிட எந்த அளவுகோல்?

திரைத்தேடல்
பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பழைய நகைச்சுவை ஜோடிகளைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன். எரிக் மோர்கம்ப் – எர்னி வைஸ், ரானி பார்க்கர் – ரானி கார்பெட், பீட்டர் குக் – டட்லி மூர் என மூன்று ஜோடிகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஜோடியைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் எரிக்கைத்தான் தூக்கி வைக்கிறார்கள். எர்னி வெறுமனே எடுத்துக் கொடுப்பவர்தானா, அதாவது மற்றவர் ஜோக்கை முடிக்க வழி செய்து தருபவர்தானா? ரானிகளில் யார் எடுத்துக் கொடுப்பவர், யார் முடிப்பவர் என்றே பிடிபடவில்லை. எந்தக் காட்சியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஒலிநாடா
ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்கிரிப்டை அப்படியே வேறு இரண்டு நல்ல நடிகர்களிடம் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு எவ்வளவு மிஞ்சும்? பார்க்கர் – கார்பெட்டின் டூ ரானீஸ் நிகழ்ச்சியில் பெரும்பகுதி மிஞ்சும். மோர்கம்ப் – வைஸில் பாதிகூடத் தேறாது. முன்னதில் சிரிப்பு எழுத்துக்குள் இருக்கிறது, பின்னதில் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பிடிக்காமல் யார் பெரியவர் என்று எழுதினால் கட்டுரை நிற்காது.

டூ ரானீஸ் பிபிசியில் 1971 முதல் 1987 வரை ஓடியது. இருவரும் 1966-ல் டேவிட் ஃப்ராஸ்டின் நிகழ்ச்சியில் சேர்ந்து நடித்தவர்கள். ஆனால் ஜோடியாக மட்டுமே வாழ்ந்தவர்கள் இல்லை. பார்க்கருக்கு 'போரிட்ஜ்', கார்பெட்டுக்கு 'சாரி!' என்று தனித்தனித் தொடர்கள் இருந்தன. அவர்கள் தங்கள் பெயரில் தோன்றுவது தொடக்கத்திலும் முடிவிலும் வரும் செய்தி மேசையில்தான். நடுவில் வருவதெல்லாம் பாத்திரங்கள். பார்க்கர் அதிகாரி வேடத்தில் தனியே பேசுவார். கார்பெட் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு ஜோக்கைச் சொல்லத் தொடங்கி ஊரெல்லாம் சுற்றி வருவார். எடுத்துக் கொடுக்கும் வேலை ஸ்கெட்சுக்கு ஸ்கெட்ச் (சிறு நகைச்சுவைக் காட்சி) கை மாறும். உங்களுக்குப் பிடிபடாததற்குக் காரணம் இதுதான்.

1980-ல் டேவிட் ரென்விக் எழுதிய 'மாஸ்டர்மைண்ட்' ஸ்கெட்சைப் பாருங்கள், அதே பெயருள்ள வினாடி வினா நிகழ்ச்சியின் கேலி அது. பார்க்கர் கேள்வி கேட்பவர், கார்பெட் போட்டியாளர். ஒவ்வொரு முறையும் முந்தின கேள்விக்குத்தான் பதில் சொல்வது என்பது போட்டியாளரின் சிறப்புப் பாடம். தொல்லுயிரியல் என்றால் என்ன என்று முதலில் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, பிரபுக்களின் பெயர்களைப் பட்டியலிடும் நூல் எது என்பது. கார்பெட் சொல்கிறார்: பழைய புதைபடிவங்களைப் பற்றிய ஆய்வு. முதல் கேள்விக்குச் சரியான பதில், அதே மூச்சில் பிரபுக்களுக்கும் ஒரு குத்து!

இது ஓட வேண்டுமானால் பார்வையாளர் முந்தின கேள்வியை மனதில் வைத்திருக்க வேண்டும். இடைவெளி நீண்டால் மறந்துவிடுவார், குறைந்தால் சேர்த்துப் பார்க்க நேரம் கிடைக்காது. கார்பெட் ஒரு கண் சிமிட்டினாலும் கெட்டுவிடும். அதனால்தான் அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இங்கே நடிப்பு என்பது எழுத்தைக் கெடுக்காமல் கொண்டு சேர்ப்பது. கீழானதாக நான் சொல்லவில்லை, மிகக் கடினமான வேலை அது.

இன்னொன்று: 'நான்கு மெழுகுவர்த்தி' ஸ்கெட்சை வசன வரி இல்லாமல் பாருங்கள். 'ஃபோர் கேண்டில்ஸ்' (நான்கு மெழுகுவர்த்தி) என்பதும் 'ஃபோர்க் ஹேண்டில்ஸ்' (மண்வாரிக் கவைகளின் கைப்பிடிகள்) என்பதும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், முழுக்க அப்படிப்பட்ட ஒலி மயக்கத்தில் நிற்பது அது. எழுத்து முன்கூட்டியே திரையில் வந்தால் போச்சு. ஜெரால்ட் வைலி என்ற புனைபெயரில் பார்க்கரே எழுதியது.

மேடைவெளிச்சம்
எர்னியைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு மட்டும் சொல்கிறேன். எழுத்தாளர் எடி பிராபென் வருவதற்கு முன், வந்த பின் என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

ஏடிவி என்ற தனியார் தொலைக்காட்சியில் சிட் கிரீன், டிக் ஹில்ஸ் எழுதிய காலத்தில் எரிக் மந்தபுத்தி, எர்னி கூர்மையானவர் என்ற வழக்கமான ஏற்பாடுதான். 1968-ல் பிபிசிக்கு வந்தார்கள். அந்த நவம்பரில் எரிக்குக்கு மாரடைப்பு, எழுத்தாளர்களும் விலகினார்கள். 1969-ல் வந்த லிவர்பூல்காரர் பிராபென், எர்னியை மாற்றினார். கஞ்சன், தற்பெருமைக்காரர், தன்னைப் பெரிய நாடகாசிரியர் என்று நம்புகிறவர். எரிக் அவரை ஓயாமல் சீண்டுவார், ஆனால் வெளியாள் ஒருவர் எர்னியைக் குறைத்துப் பேசினால் பொறுக்க மாட்டார். இருவரும் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில். அந்தக் கட்டிலுக்கு முதலில் அவர்கள் தயங்கினார்கள். லாரலும் ஹார்டியும் அப்படிப் படுத்திருக்கிறார்களே என்று பிராபென் எடுத்துக்காட்டிய பிறகுதான் சம்மதித்தார்கள்.

அதன் பிறகு எர்னி சிரிப்புக்கு வழிவிடுபவர் மட்டும் அல்ல, சிரிப்புக்குக் காரணமும் அவரே. தன் நாடகத்தில் நடிக்க வந்த பெரிய நட்சத்திரத்திடம் எர்னி முழு நம்பிக்கையோடு பேசுகிறாரே, அந்த நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்தாலும் எரிக்கின் அடுத்த வரிக்குப் பிடிமானம் இருக்காது.

நேரடியாக ஒப்பிட ஒரே ஸ்கெட்சின் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. இசையமைப்பாளர் க்ரீக்கின் பியானோ கான்செர்டோவை எரிக் தப்புத்தப்பாக வாசிக்கும் ஸ்கெட்ச் அது. 1963-ல் ஏடிவியில் செய்தபோது இசைக்குழு நடத்துனர் எர்னிதான். 1971 கிறிஸ்துமஸில் நிஜ நடத்துனர் ஆந்த்ரே ப்ரெவின் வந்துவிட்டார். இசைக்குழுவை நடத்தும் கோலை எடுத்து வருகிறேன், அது சிகாகோவில் இருக்கிறது என்று ப்ரெவின் முகம் மாறாமல் சொல்கிற இடத்தில் எரிக்கைப் பாருங்கள். விருந்தாளி தேறிவிட்டார் என்ற நிம்மதி அப்படியே முகத்தில் பூக்கிறது. கடைசியில் எரிக் நடத்துனரின் கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியான ஸ்வரங்கள்தான், வரிசைதான் வேறு என்கிறார். உண்மையான இசை அதிகாரி ஒருவரிடம் சொல்வதால்தான் அந்த வரி இத்தனை உயரம் போகிறது. எர்னி? பெருமை பிடித்த நிகழ்ச்சி அமைப்பாளராக நடுவில் நின்று, ப்ரெவினை வரவழைத்ததற்கும் சமாதானப்படுத்துவதற்கும் பொறுப்பேற்கிறார். அவர் இல்லையென்றால் ப்ரெவின் முதல் நிமிடத்திலேயே கிளம்பிப் போவதுதான் நியாயமாக இருக்கும்.

திரைத்தேடல்
நன்றி. கட்டுரையின் தலைப்பையே மாற்ற வேண்டும் போல. குக் – மூர் எந்தப் பக்கம்?

ஒலிநாடா
இரண்டும் இல்லை. 'நாட் ஒன்லி பட் ஆல்சோ' பிபிசி 2-ல் 1965 முதல் 1970 வரை வந்தது. அதில் குக் நடித்த பீட், மூர் நடித்த டட் இருவருக்குமே ஒன்றும் தெரியாது, பீட்டுக்குத் தெரியும் என்ற நினைப்பு மட்டும் உண்டு. கலைக்கூடத்தில் சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருக்கும் காட்சியில் குக் வேண்டுமென்றே மூரைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார். மூர் அடக்கமுடியாமல் திணறுவதுதான் நமக்கு விருந்து. மாஸ்டர்மைண்டை நாசமாக்கும் அதே விஷயம் இங்கே உயிர். பல நாடாக்களை பிபிசி அழித்துவிட்டதால் மிஞ்சியதை வைத்துத்தான் பேச முடியும், அதையும் கட்டுரையில் சொல்லுங்கள். பின்னால் வந்த மெல் ஸ்மித் – க்ரிஃப் ரீஸ் ஜோன்ஸ் ஜோடி முகத்துக்கு முகம் பேசும் காட்சிகள் இந்தக் கிளையில் வந்தவை.

மேடைவெளிச்சம்
பார்வையாளர் எண்ணிக்கை எழுதுவதானால் கவனம். மோர்கம்ப் – வைஸின் 1977 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை 2.8 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது பிபிசியின் சொந்தக் கணக்கு. பார்வையாளர்களைக் கணக்கிட்ட ஜிக்டார் என்ற அமைப்பின் கணக்கில் சுமார் 2.1 கோடிதான், அன்றைய மைக் யார்வுட் நிகழ்ச்சி அதில் மயிரிழையில் முந்துகிறது. எந்த எண்ணைப் போட்டாலும் யாருடைய கணக்கு என்பதையும் சேர்த்தே போடுங்கள்.